அடிப்படை முடிந்த பிறகு கேம் டிசைனைக் குழுவாகச் செய்துதான் கற்க முடியுமா? (திருகோணமலை)

சல்லிக்கரை (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். திருகோணமலையில் நாங்கள் ஐந்து பேர். இரண்டு பேர் கோணேசபுரி கம்பஸில் கணினி படிக்கிறார்கள், ஒருவர் படம் வரைவார், ஒருவருக்கு இசை, நான் எல்லாவற்றிலும் கொஞ்சம். ஆளாளுக்குத் தனியாகச் சின்னக் கேம்கள் செய்து முடித்திருக்கிறோம்: தாவி ஓடுவது, சுடுவது, பெட்டி தள்ளுகிற புதிர். கோடோவில் (கேம் செய்யும் இலவச மென்பொருள்) கை நன்றாகப் பழகிவிட்டது. ஆனால் யூடியூப் பாடங்கள் எல்லாம் எதிரியை எப்படி நடக்க வைப்பது என்ற இடத்திலேயே நின்றுவிடுகின்றன. அதற்கு மேலே என்ன இருக்கிறது, அதை எங்கே கற்பது?

எங்களிடம் ஒரு யோசனை இருக்கிறது. கரைவலை, அதாவது கரையில் நின்று இரண்டு பக்கக் கயிற்றால் இழுக்கிற பெரிய மீன்வலை. இரண்டு பேர், இரண்டு போன், ஆளுக்கொரு கயிறு. இரண்டு பக்கமும் ஒரே அளவில் இழுத்தால்தான் மடி (மீன் சேரும் வலைப் பை) மீனோடு கரைக்கு வரும். இதையே ஒரு வருடம் எடுத்துச் செய்து முடித்தால் டிசைன் தானாக வந்துவிடும் என்கிறார் ஒரு நண்பர். முதலில் காசு கட்டி ஒன்லைன் டிப்ளோமா செய்யுங்கள் என்கிறார் இன்னொருவர். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

உவர்மலையான்

தம்பி, நானும் ஊர்க்காரன்தான், இப்போது கொழும்பில் கேம் வேலை. நேராகவே சொல்கிறேன்: டிப்ளோமாவுக்குக் காசு கட்ட வேண்டாம், ஒரு வருடக் கேமையும் இப்போது தொடங்க வேண்டாம். குழுவாகச் செய்யுங்கள், அதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை.

ஏன் குழு என்று சொல்கிறேன். 2004இல் ஹுனிக்கே, லெப்ளாங்க், ஸூபெக் என்ற மூன்று பேர் ஒரு கட்டுரை எழுதினார்கள். இந்தத் துறையில் அதை எம்டிஏ (மெக்கானிக்ஸ், டைனமிக்ஸ், ஏஸ்தெட்டிக்ஸ்) என்பார்கள். நாம் எழுதுவது விதியை மட்டும்தான். அந்த விதி ஓடும்போது ஆடுபவர்களிடம் ஒரு நடத்தை எழும். அந்த நடத்தையில் இருந்துதான் உணர்வு வரும். நமக்கு வேண்டியது கடைசியில் இருக்கிற உணர்வு, நம் கை எட்டுவது முதலில் இருக்கிற விதிக்கு மட்டும். நடுவில் உள்ள தூரத்தைக் கணித்து வேலை செய்யப் பழகுவதைத்தான் உயர்நிலை டிசைன் என்று நான் நினைக்கிறேன்.

தனியாகச் செய்யும்போது அந்தக் கணிப்பு ஒருபோதும் சோதனைக்கு வராது. விதியை எழுதியவரும் நீங்கள், ஆடிப் பார்ப்பவரும் நீங்கள். குழுவில் அப்படி இல்லை. கயிறு இறுகும்போது பதற்றம் வர வேண்டும் என்று நீங்கள் சொன்னால், அந்த இறுக்கம் எத்தனை விநாடியில் ஏறும் என்று கோட் எழுதுகிறவர் கேட்பார். அதைத் திரையில் எங்கே பார்ப்பது என்று வரைகிறவர் கேட்பார். தலைக்குள் இருந்ததை எண்ணாகவும் படமாகவும் மாற்றியே ஆக வேண்டும். அந்தக் கட்டாயம்தான் பாடம்.

மாணவர் குழுக்கள் எங்கே வரை போயிருக்கின்றன என்பதற்கு ஓர் உதாரணம். அமெரிக்காவில் டிஜிபென் என்ற கேம் கல்லூரியில் படித்த ஒரு குழு 2005இல் நார்பாக்குலர் டிராப் என்றொரு கேம் செய்தது. சுவரில் இரண்டு வாசல் திறந்து, ஒன்றால் நுழைந்து மற்றதால் வெளியே வருவது. அதில் அழகும் இல்லை, நீளமும் இல்லை. ஆனால் அந்த ஒரு யோசனை நன்றாக வேலை செய்தது. வால்வ் என்ற கேம் நிறுவனம் அந்தக் குழுவையே வேலைக்கு எடுத்தது, அதே யோசனையில் 2007இல் போர்ட்டல் என்ற கேம் வந்தது.

நிலாவெளி_பஸ்

அண்ணா சொல்வதில் பாதிக்கு நான் உடன்படவில்லை. அதே 2005இல் அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் நான்கு மாணவர்கள் வேறு வழியில் போனார்கள். ஒரு கேம் ஏழு நாளுக்குள் முடிய வேண்டும், ஒருவர் மட்டுமே செய்ய வேண்டும், ஈர்ப்பு விசை மாதிரி ஒரு பொதுக் கருவைச் சுற்றி இருக்க வேண்டும். இவைதான் விதி. ஒரு பருவத்துக்குள் ஐம்பதுக்கும் மேலே செய்து தள்ளினார்கள். அதில் ஒன்றான டவர் ஆஃப் கூதான் பிறகு 2008இல் வேர்ல்ட் ஆஃப் கூ ஆனது. குழு என்றால் முதலில் கூட்டம், பிறகு வாக்குவாதம், பிறகு யாராவது கோபித்துக்கொண்டு போவது. ஆட்டமே பிறக்காது. தனியாகக் கெதியாகச் செய்து பார்த்து, நல்லதாக வந்ததை மட்டும் குழுவுக்குக் கொண்டுவரலாமே?

2018இல் வந்த செலெஸ்ட் என்ற தாவி ஏறுகிற கேமும் அப்படித்தான். முதல் வடிவத்தை இரண்டு பேர் நான்கே நாளில் செய்தார்கள்.

உவர்மலையான்

நல்ல உதாரணம் தம்பி, ஆனால் அந்த நான்கு பேரும் நான்கு திசையில் இருக்கவில்லை. ஒரே கருவில் வேலை செய்து, ஒருவர் செய்ததை மற்றவர் ஆடிப் பார்த்து, அடுத்த வாரம் அதைத் தாண்ட முயன்றார்கள். அதையும் நான் குழு வேலை என்றுதான் சொல்வேன். அதே கார்னகி மெலனில் ரேண்டி பௌஷ் தொடங்கிய ஒரு பாடத்தில் மாணவர்கள் சின்னக் குழுக்களாகச் சேர்ந்து ஏறத்தாழ இரண்டு வாரத்தில் ஒரு உலகத்தைச் செய்து காட்டுவார்கள். பிறகு குழு கலைந்து வேறு ஆட்களோடு அடுத்தது. ஒரே நண்பர்களோடு எப்போதும் வேலை செய்தால் அரைச் சொல்லில் எல்லாம் விளங்கிவிடும். புதிய ஆளிடம் விளக்க வேண்டி வரும்போதுதான் நம் யோசனையில் எங்கே ஓட்டை என்று தெரியும்.

அளவைப் பற்றி நீங்கள் சொன்னது சரி. அதில் எனக்கு மறுப்பு இல்லை. சின்னதாகத்தான் தொடங்க வேண்டும்.

தூரிகை

நான் வரைகிறவள். இதுவரை யாரும் எங்கள் பக்கத்தைச் சொல்லவில்லை, அதனால் எழுதுகிறேன்.

முன்பு ஒரு குழுவில் இருந்தேன், பெயர் வேண்டாம். டிசைன் செய்கிறவர்கள் நால்வர் ஒரு அறையில் கதைத்து முடிவெடுத்துவிட்டு, வரைய வேண்டிய பட்டியலை எனக்கு அனுப்புவார்கள். ஒரு படகை நிழல், பாய், கயிற்று முடிச்சு எல்லாம் வைத்து வடிவாக வரைந்து கொடுத்த பிறகு, படகே இனி ஆட்டத்தில் இல்லை என்று செய்தி வரும். வெட்டுவது தப்பில்லை. கேம் என்றால் வெட்டத்தான் வேண்டும். ஆனால் வெட்டப்படுமா என்று தெரியாத நிலையில் முழுப் படம் கேட்பது ஒருவருடைய உழைப்பை மதிக்காமல் இருப்பது.

சல்லிக்கரை, உங்கள் குழுவில் வரைகிறவரை முதல் நாளே மேசையில் உட்கார வையுங்கள். ஆட்டம் நன்றாக இருக்கிறது என்று தெரியும்வரை சாம்பல் நிறப் பெட்டியும் ஒரு கோடும் போதும். அந்தக் காலத்தில் அவருக்கு வேலை இல்லை என்று நினைக்க வேண்டாம். கயிறு எவ்வளவு இறுகியிருக்கிறது என்பதை எண்ணாகக் காட்டாமல் எப்படிக் காட்டுவது? இழுப்பவரின் முதுகு வளைவாலா, கால் மணலில் புதைவதாலா, கயிற்றில் இருந்து தெறிக்கும் தண்ணீராலா? இது டிசைன் கேள்விதான். பதிலைக் கண்டுபிடிப்பவர் வரைகிறவராகத்தான் இருப்பார். அதுவும் ஊரில் நடுப்பகல் வெயிலில், மலிவான போன் திரையில் தெரிய வேண்டும். இருட்டறையில் பெரிய மொனிட்டரில் பார்த்துச் சரி சொல்ல வேண்டாம்.

சல்லிக்கரை

தூரிகை அக்கா, நன்றி. வரைகிற நண்பருக்கு உங்கள் பதிவைக் காட்டினேன். முதுகு வளைவை அவர் உடனே பென்சிலால் கிறுக்கத் தொடங்கிவிட்டார்.

உவர்மலை அண்ணா, டிசைன் டொக்குமென்ட் எழுத வேண்டுமா? எவ்வளவு எழுதுவது? கயிறு, அலை, மீன் வகை, சம்மாட்டி (வலைச் சொந்தக்காரர்) கொடுக்கும் பங்கு, வலை கிழிந்தால் பழுது பார்ப்பது, வாடியில் (கரைக் குடிசை) இரவு என்று எங்களிடம் எழுத நிறைய இருக்கிறது.

உவர்மலையான்

அதில் கயிற்றையும் மடியையும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு இழுப்பு, தொடக்கம் முதல் முடிவு வரை. பங்கும் வாடியும் பிறகு.

ஒரு பக்கம் எழுதுங்கள். மேலே, ஆடுபவர் என்ன உணர வேண்டும் என்று ஒரே வாக்கியம். நடுவில், அதற்காக நீங்கள் வைக்கும் விதிகள். கீழே, ஆட வைத்தால் என்ன நடக்கும் என்று உங்கள் கணிப்பு. கணிப்பைச் சோதனைக்கு முன் எழுதிக் கையெழுத்து வையுங்கள், ஐந்து பேரும் தனித்தனியாக. சோதனைக்குப் பிறகு எடுத்துப் பாருங்கள். எந்தப் புத்தகமும் இதற்கு ஈடாகாது என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

எண்கள் எல்லாம் கோடோவில் வெளியே தெரியும்படி இருக்கட்டும். எக்ஸ்போர்ட் என்று போட்டு வைத்தால் கோட் தெரியாதவரும் இன்ஸ்பெக்டர் என்ற பக்கப் பலகையில் மாற்றலாம். ஒரு எண்ணை மாற்ற டெவலப்பரை எழுப்ப வேண்டிய குழுவில் டிசைன் நடக்காது.

இன்னொன்று. இரண்டு பேர் ஒரே தாளத்தில் அழுத்த வேண்டும் என்றால் மன்னிப்பு நேரம் வையுங்கள், கொஞ்சம் பிந்தி அழுத்தினாலும் சரி என்று எடுத்துக்கொள்ளும் நேரம். செலெஸ்டில் விளிம்பைத் தாண்டிய பிறகும் 0.1 விநாடி வரை தாவ விடுவார்கள். ஆடுபவருக்கு அது தெரியவே தெரியாது, தன் கை சரியாக இருக்கிறது என்றுதான் நினைப்பார். உங்கள் ஆட்டத்தில் இரண்டு போன், நடுவில் வைஃபை தாமதம் வேறு. 0.1 போதாது என்றுதான் எனக்குப் படுகிறது. பெரியதாக வைத்துத் தொடங்கிக் குறையுங்கள்.

கோட் எழுதும் முன் ஒரு சின்ன வேலை: உண்மையான கயிற்றை எடுத்துக்கொண்டு மணலுக்குப் போங்கள். அலுப்பு எப்போது வருகிறது, எந்த நேரத்தில் மற்றப் பக்கத்தைத் திரும்பிப் பார்க்கிறீர்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள்.

குச்சவெளி_மைந்தன்

பிள்ளைகளே, கேம் பற்றி எனக்கு அதிகம் தெரியாது. மகன் இந்த இழையைக் காட்டினான். கரைவலையில் வளர்ந்தவன் என்ற முறையில் சில விசயம் சொல்ல வேண்டும்.

ஒரு கயிற்றுத் தலைப்பைக் கரையில் விட்டுவிட்டுத் தோணி போகும். அரை வட்டமாக வலையை விட்டுக்கொண்டு வந்து மற்றத் தலைப்பைத் தூரத்தில் கரை சேர்க்கும். இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று இழுப்போம். ஒரே இடத்தில் நின்று இழுப்பதில்லை. இழுக்க இழுக்க இரண்டு பக்கமும் ஒன்றை ஒன்று நெருங்கி வரும். மடி கரையில் ஏறும்போது இரண்டு கூட்டமும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். உங்கள் கேமில் இரண்டு பேரும் கடைசி வரை தூரத்திலேயே நின்றால் அது கரைவலை இல்லை.

வலை இழுக்கும்போது பாடும் அம்பாப் பாட்டு சும்மா பாடுவதில்லை. ஒருவர் சொல்ல மற்றவர்கள் பதில் சொல்ல, அந்தப் பதிலில்தான் எல்லார் கையும் ஒன்றாக விழும். பிறகு பல இடத்தில் உழவு இயந்திரத்தில் வின்ச் (கயிற்றைச் சுற்றி இழுக்கும் பொறி) பூட்டி இழுக்கத் தொடங்கினார்கள். அங்கே பாட்டுக்கு இடமில்லை.

கடைசியாக ஒன்று. வெறும் மடி வரும் நாளும் உண்டு. காலையில் இருந்து இழுத்து, மடியை விரித்தால் பாசியும் சருகும் மட்டும் கிடக்கும். அந்த நாளையும் வையுங்கள். எப்போதும் மீன் வந்தால் அது எங்கள் கதை இல்லை.

நிலாவெளி_பஸ்

ஐயா, மிக்க நன்றி. நீங்கள் சொன்ன வெறும் மடி டிசைனில் பெரிய கேள்வி. நன்றாக இழுத்த பிறகு கணினி பகடை போட்டு மீன் இல்லை என்றால் ஆடுபவர் போனை வைத்துவிடுவார். தற்செயலை முடிவுக்கு முன்னால் கொண்டுவந்தால் கதை வேறு. காலையில் கடல் இப்படி, காற்று கச்சான், தண்ணீர் கலங்கல் என்று முதலில் காட்டிவிட்டு, வலை விடுவதா, எங்கே விடுவது என்று கேட்க வேண்டும். வெறும் மடி வந்தாலும் அது தாங்கள் எடுத்த முடிவின் விளைவு என்று இருவருக்கும் தெரியும். கோபம் கேமின் மேல் வராது, அடுத்த முறை எங்கே விடுவது என்று கதைப்பார்கள்.

சல்லிக்கரை

ஐயா சொன்னதைக் கேட்டு முழுத் திரையையும் மாற்றினோம். இரண்டு கூட்டமும் நெருங்கி வருவதை வைத்தவுடனே ஆட்டம் மாறிவிட்டது. தூரத்தில் இருக்கும்போது சத்தம் போட்டுக் கதைக்க வேண்டும், நெருங்க நெருங்கக் கண்ணாலேயே போதும். நாங்கள் எழுதாத விதி அது.

நேற்றுப் பின்னேரம் டச்சுக் குடாப் பக்கம் இரண்டு போனோடு போய் அறிமுகமில்லாதவர்களை ஆட வைத்தோம். எதையும் விளக்கவில்லை, பக்கத்தில் வாய் மூடி உட்கார்ந்தோம். அதுதான் மிகக் கஷ்டம். அண்ணனும் தம்பியும் வந்தார்கள். அண்ணனுக்கு வயது பதினாறு இருக்கும், தம்பிக்குப் பத்து. முதல் இழுப்பில் இருவரும் சிரித்துக்கொண்டு இழுத்தார்கள். இரண்டாவதில் அண்ணனுக்குத் தாளம் பிடிபட்டுவிட்டது. "இப்ப அழுத்து, இப்ப விடு" என்று சொல்லத் தொடங்கினான். மூன்றாவதில் தம்பி திரையைப் பார்க்கவே இல்லை. அண்ணன் சொன்னதற்குக் கட்டைவிரலை மட்டும் தட்டிக்கொண்டு கடலைப் பார்த்தான். மடி நிறைந்து வந்தது, அண்ணன் கத்தினான். தம்பி போனை மணலில் வைத்துவிட்டுப் பட்டம் விடுகிற பக்கம் எழும்பிப் போனான்.

எங்கள் ஐந்து பேரின் கணிப்புத் தாளிலும் இது இல்லை. வேகமாக இழுப்பவரை மெதுவானவர் தடுப்பார் என்றுதான் எல்லாரும் எழுதியிருந்தோம். ஒருவர் மற்றவருக்காக முழுதும் யோசிப்பார் என்று யாரும் நினைக்கவில்லை. கோட் எழுதும் நண்பர் தாள வேகத்தைக் கூட்டச் சொல்கிறார், கட்டளை சொல்ல நேரம் இருக்காதாம். எனக்கு அது சரியாகப் படவில்லை. தம்பிக்கு இன்னும் கஷ்டமாகத்தான் போகும்.

உவர்மலையான்

இந்த ஒரு பத்திக்காகவே நீங்கள் குழுவாகச் செய்யத் தொடங்கியது தகும். வேகத்தைக் கூட்ட வேண்டாம், உங்கள் எண்ணம்தான் சரி.

கூட்டாக ஆடும் பலகை விளையாட்டுகளில் இது பழைய நோய். 2008இல் வந்த பாண்டெமிக்கில் நன்றாகத் தெரிந்த ஒருவர் எல்லாருடைய நகர்வையும் சொல்லிவிடுவார், மற்றவர்கள் கையை மட்டும் நகர்த்துவார்கள். காரணம், எல்லாத் தகவலும் எல்லார் கண்ணுக்கும் முன்னால் இருக்கிறது. 2010இல் ஹனாபி அதை உடைத்தது. உன் கையில் இருக்கும் சீட்டு உனக்குத் தெரியாது, மற்றவர்களுக்குத்தான் தெரியும். யாரும் தனியாக முழுப் படத்தைப் பார்க்க முடியாது, அதனால் யாரும் தனியாகக் கட்டளையிட முடியாது. அது 2013இல் ஜெர்மனியின் ஸ்பீல் டெஸ் யாரஸ் (ஆண்டின் விளையாட்டு) விருதை வாங்கியது.

நிலாவெளி_பஸ்

அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை, கோடுகளைக் கடக்கவிடாமல் மறிக்கிற நம் ஊர் கிளித்தட்டு இருக்கிறதே. தட்டு மறிக்கிறவருக்கு அவரவர் கோடு மட்டும். மறிக்கிற அணியின் தலைவரான கிளிக்கு நடுக்கோடும் சுற்றுக் கோடும். எல்லாருக்கும் ஒரே வேலை இல்லாதபடியால்தான் சின்னப் பிள்ளைக்கும் அதில் இடம் இருக்கிறது. ஒரு கயிற்றுக்காரருக்கு வலையின் சாய்வு தெரியட்டும், மற்றவருக்கு அலை வருவது தெரியட்டும். அலை வருகிறது என்று தம்பி சொல்லாமல் அண்ணனால் இழுக்க முடியாது.

தூரிகை

அப்படியானால் இரண்டு திரையும் இரண்டு விதமாக வரைய வேண்டும். வேலை இரட்டிப்பு என்று பயப்பட வேண்டாம். ஒருவர் கடலைப் பார்த்து நிற்கட்டும், பின்னணியில் அலை மட்டும். மற்றவர் பக்கவாட்டில் நின்று மிதவைகளைப் பார்க்கட்டும். ஒரே உருவம், இரண்டு கோணம். சாம்பல் பெட்டியிலேயே முதலில் செய்து பாருங்கள்.

கிண்ணியாப்_பாலம்

டிசைன் பற்றி நிறையக் கதைத்துவிட்டீர்கள். குழு உடைவது பெரும்பாலும் வேறு இடத்தில்.

முதல் நாளே கிட் (யார் எதை மாற்றினார் என்று ஒவ்வொரு வடிவத்தையும் சேமிக்கும் மென்பொருள்) போடுங்கள். யுஎஸ்பி குச்சியிலும் வாட்ஸ்அப்பிலும் ஃபைல் மாற்றிக்கொண்டால் யாருடைய வடிவம் கடைசி என்று தெரியாமல் சண்டை வரும். கோடோவில் சீன் என்றால் ஆட்டத்தின் ஒரு பகுதி. அந்த ஃபைல் வெறும் எழுத்துதான், ஆனாலும் ஒரே சீனில் இரண்டு பேர் வேலை செய்தால் இணைக்கும்போது தலையிடி. கயிறு ஒரு சீன், மடி ஒரு சீன், கரை ஒரு சீன் என்று பிரித்து, ஒரு நேரத்தில் ஒருவர் என்று பேசிக்கொள்ளுங்கள். படமும் ஒலியும் பெரியதாகப் போனால் பெரிய ஃபைல்களுக்கான கிட் எல்எஃப்எஸ்.

தமிழ் எழுத்து: கோடோ 4க்கு முந்திய வடிவத்தில் இருந்தால் உடனே மாறுங்கள். 4.0 2023 மார்ச்சில் வந்தது. அதில் இருந்துதான் எழுத்துகளைச் சரியாகக் கோக்கும் ஹார்ஃப்பஸ் உள்ளே இருக்கிறது. முந்தியதில் "கொ" என்று எழுதினால் கொம்பு இடம் மாறிக் கிடக்கும். யூனிட்டி என்ற இன்னொரு கேம் மென்பொருளில் எழுத்துக் காட்டும் டெக்ஸ்ட்மெஷ் ப்ரோவிலும் அதே தொல்லை, மாற்று வழி தேட வேண்டி வரும். அம்பா வரிகளைத் திரையில் காட்டப் போகிறீர்கள் என்றால் இதை இப்போதே பாருங்கள்.

சல்லிக்கரை

4இல்தான் இருக்கிறோம், எழுத்துச் சரியாக வருகிறது. கிட்டும் போட்டுவிட்டோம்.

இரண்டு திரையையும் பெட்டி வடிவில் செய்து எங்களுக்குள் ஆடிப் பார்த்தோம். சத்தம் கூடிவிட்டது, அது நல்லது. ஒரு புதிய பிரச்சினை: அலையைப் பார்ப்பவர் பொய் சொல்லலாம். இசை நண்பர் வேண்டுமென்றே பிந்திச் சொல்லி எல்லாரையும் விழுத்தினார். அதை விதியாக விடுவதா, தடுப்பதா என்று வாதம் நடக்கிறது. நான் விடச் சொல்கிறேன், மற்ற நால்வரும் வேண்டாம் என்கிறார்கள். ஒரு தாளில் எல்லாரும் கணிப்பு எழுதி வைத்திருக்கிறோம்.

அம்பாவைப் பற்றி: முதல் வரியை அலை பார்ப்பவர் போன் பாடும், பதில் வரி மற்றப் போனில் வரும். பதிலின் கடைசி அசையில்தான் கை விழ வேண்டும். மன்னிப்பு நேரத்தை 0.25இல் தொடங்கியிருக்கிறோம். குச்சவெளி ஐயா, உங்களுக்கு நேரம் இருந்தால் பாட்டு எடுக்கும் வேகத்தை ஒருமுறை கேட்டுச் சரி பார்க்க வேண்டும். நாங்களே வீட்டுக்கு வருகிறோம்.

குச்சவெளி_மைந்தன்

வாருங்கள். ஞாயிறு காலையில் நிற்பேன். வெயிலுக்கு முன் வந்தால் கரையிலேயே இழுத்துக் காட்டலாம், அந்த அண்ணன் தம்பியையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்.